அரைப்பேர்

ஹட்டனில், பார்மசிக்கு மேலே ஓர் அறை.
மேசையில் கொழுந்துத் தராசு,
மூடி கழற்றி, வயிறு தெரிய.
அதன் நிரலை நேற்றிரவு ஸ்கேனரில் போட்டேன்:
சி மொழியில் பதினோராயிரம் வரி,
முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கை.

முக்கால்வாசி வெறும் குரைப்பு.
காற்றில் ஆடும் படங்குச் சாக்கைப் பார்த்தும்
குரைக்கிற நாய் இந்தக் கருவி.
கள்ளனையும் தெரியாது அதற்கு,
கணக்கப்பிள்ளையையும் தெரியாது.
ஒவ்வொன்றாய்த் திறந்து
பொய், பொய், பொய் என்று குறித்துக்கொண்டே வந்தேன்.
தேத்தண்ணி ஆறிப் படலம் கட்டியது.

நூற்று எண்பத்தெட்டாவது:
‘எல்லைக்கு வெளியே ஒரு பைட் எழுதப்படலாம்.’
பெயரை நகலெடுக்கும் இடம்.
பெயருக்கு இருபத்துநான்கு பைட் ஒதுக்கியிருக்கிறான்
எழுதியவன், எவனோ.
பக்கத்தில் குறிப்பு வேறு:
‘இவ்வளவு நீளப் பெயர் யாருக்கும் இராது.’
‘சிறியது’ என்று மட்டும் இருக்க வேண்டிய வரியில்
‘சிறியது அல்லது சமம்.’
ஒரு சமக்குறி அதிகம்.

சோதனைக்கு எப்போதும் போடும் பெயர், டிலோ,
ஆங்கில எழுத்தில். நாலே பைட்.
ஐந்து கிலோப் படிக்கல்லைக் கொளுவினேன்.
ஐந்து என்றது தராசு.
பொய் என்று குறிக்கக் கை போய்விட்டது.

அப்புறம் ஏனோ
தமிழில் அடித்தேன், முழுசாக: டிலோஜினி.
மெய்க்கு மூன்று பைட்,
அதில் ஏறி உட்காரும் உயிர்க்குறிக்கு இன்னும் மூன்று.
டி ஆறு, லோ ஆறு, ஜி ஆறு, னி ஆறு.
‘பெயர் முடிந்தது’ என்று சொல்லும் பூச்சியத்துக்கு
உள்ளே இடமில்லை.
அடுத்த வீட்டுக்குள் போய்ப் படுத்தது.
அடுத்த வீடு, எடை.

4.864.

படிக்கல்லைத் தொட்டுப் பார்த்தேன்.
இரும்பு அப்படியே இருந்தது.

கம்பனி தந்த மார்ச் மாதப் பதிவை எடுத்தேன்,
ஒரே தோட்டம், மேல் டிவிசன், மடுவத்தில் நிறுத்தது.
பூரணிக்கு ஒன்றுமில்லை. ராமாயி தப்பியிருக்கிறாள்.
மாரியாயி, வெள்ளையம்மா, தங்கரெத்தினம்:
இவர்கள் பறித்ததெல்லாம், கிராமில்,
இருநூற்று ஐம்பத்தாறால் மீதியில்லாமல் வகுபடுகிறது.
கொழுந்து அப்படித் துளிர்க்காது.

மார்ச் ஒன்பது, வெள்ளையம்மா, 17.920.
பதினெட்டுக்கு எண்பது கிராம் குறைவு.
அதனால் அரைப்பேர்.

சம்பள நாளுக்குப் பேர் என்று பெயர் வைத்த ஊர் இது.
பேர் விழுந்தது, பேர் விழவில்லை,
பாதிதான் விழுந்தது என்று
லயத்து வாசல்களில் பேசுவார்கள்.
பேர் நீளமென்பதால் பேர் பாதியானது
அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.
அன்று அவள் சாக்கில் இருந்தது
பதினெட்டுக்கு மேலா, கீழா?
பூச்சியம் படுத்த இடத்தில் முன்பு என்ன இருந்ததென்று
பூச்சியத்திடம் கேட்க முடியாது.

அறிக்கைப் படிவம் கேட்கிறது:
தாக்குபவர் யார்?
தொலைவிலிருந்து முடியுமா?
கடவுச்சொல் தேவையா?
யாருமில்லை. இல்லை. இல்லை.
கூட்டிப் பார்த்து, அபாயம் தாழ்வு என்றது.
கொழும்பிலிருந்து சுரங்க பேசினான்,
நல்லவன், அவசரத்தில் இருந்தான்:
‘கூடிப்போனால் கால் கிலோதானே, டிலோ?’
‘ஒரு தடவைக்கு’ என்றேன்.
ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுப்பார்கள்
என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

சமக்குறியை அழித்தேன். ஒரே ஒரு தட்டு.
மறுபடி தொகுத்து, ஏற்றி,
டிலோஜினி என்று அடித்து, கல்லைக் கொளுவ
5.000.

‘தாழ்வு’ என்பதை ‘உயர்வு’ ஆக்கினேன்.
காரணம் எழுதச் சின்னப் பெட்டி ஒன்று.
வெள்ளையம்மா என்று தொடங்கினேன்,
‘வெள்ளை’யோடு அது நின்றுவிட்டது.
கீழே டிக்கோயாப் பக்கம் கொழுந்து லொறி ஒன்று
இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போனது.

நூற்று எண்பத்தொன்பதாவதைத் திறந்தேன்.
இந்தத் தடவை
பொய் என்று குறிக்க நேரமெடுத்தது.